எழும்பூர் அருங்காட்சியகம்: 90 பிள்ளைகளுக்கு எத்தனை கூடம்?

இரண்டே கூடம் போதும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 90 பேரைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அரை நாள் கூட்டிப்போகிறோம், எத்தனை கூடம் காட்டலாம் என்று ஆசிரியராகக் கேட்டிருக்கிறீர்கள். வெண்கலச் சிலைக் கூடமும், ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த கல் சிற்பங்களும் பாருங்கள். மற்றதெல்லாம் நேரம் மிஞ்சினால்.

போன வருடம் முக்கால் மணியில் எல்லாவற்றையும் ஓடி முடித்துவிட்டார்கள், ஒன்றும் நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல வேண்டாம். அங்கே பல கட்டடங்கள். தேட எதுவும் கொடுக்காமல் வரிசையில் நடக்கவிட்டால் பெரியவர்களே அப்படித்தான் போவார்கள்.

கிளம்பும் முன் வகுப்பில் ஒரு சோதனை செய்யுங்கள். நடராசர் படத்தைக் காட்டி, நாலு கையில் உடுக்கை எதில், தீ எதில், காலடியில் கிடப்பது யார் என்று கேளுங்கள். ஆர்வமாகப் பதில் வந்தால், அங்கே திருவாலங்காட்டு நடராசர் சிலை முன் உட்காரவைத்து வரையச் சொல்லலாம். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய அந்த மண் அச்சில் உலோகத்தை வார்ப்பதால் ஒவ்வொரு சிலைக்கும் அச்சை உடைத்தாக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். எந்தச் சிலையும் இன்னொன்றின் நகல் இல்லை என்றதும் கேள்விகள் கிளம்பும், பாருங்கள்.

முப்பது முப்பதாக மூன்று குழு. இரண்டு குழு உள்ளே, ஒன்று வெளியே மரத்தடியில் தின்பண்டத்தோடு. அப்புறம் மாற்றி மாற்றி.

ஒரு எச்சரிக்கை: வெள்ளிக்கிழமை விடுமுறை. பராமரிப்புக்காகச் சில கூடங்களை மூடுவதும் உண்டு. பேருந்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.