குடியிருப்பு மனையில் கடையின் வாகன நிறுத்தம்: எங்கிருந்து தொடங்குவது?

ஐயா, வணக்கம். உங்கள் தெருமுனை ஜவுளிக்கடை பக்கத்து வீட்டு மனையை வாங்கி வாகன நிறுத்துமிடமாக்குகிறது என்றும், சென்னை மாநகராட்சியில் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயதான தாயாரின் தூக்கம் கெடுவதைப் படித்தபோது மனம் வருந்தியது. ஆயினும் புகையையும் இரைச்சலையும் மட்டும் எழுதும் மனு எளிதில் கிடப்பில் போடப்படும் என்பதால், நிலப் பயன்பாட்டிலிருந்தே தொடங்குங்கள்.

அந்தச் சர்வே எண் சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) குடியிருப்பு மண்டலமா, நிலப் பயன்பாட்டு மாற்றம் கோரப்பட்டுள்ளதா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கடைக் கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலையும் அதே மனுவில் கேளுங்கள். என் பார்வையில் இதுவே உங்கள் வலுவான ஆயுதம். வரைபடத்தில் வாகனங்களுக்கென்று காட்டிய அடித்தளத்தில் துணி மூட்டைகளை அடுக்கிவிட்டு, வாடிக்கையாளரின் வண்டிகளைத் தெருவுக்குத் தள்ளும் கடைகள் நம் நகரில் ஏராளம். இங்கும் அப்படியென்றால், இருக்கும் இடத்தை முதலில் மீட்கச் சொல்லுங்கள் என்று நீங்கள் உறுதியாகக் கேட்கலாம்.

அனுமதியின்றிப் பணி நடந்தால், நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன் 56, 57ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு நடவடிக்கை கோருங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குமேல் ஒலி வரம்பு 45 டெசிபல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புதிய தரை உங்கள் வாசலைவிட உயர்ந்தால் மழைநீர் வீட்டுக்குள் வரும். ஆகவே கல் பதிக்கும் முன்பே மட்டத்தைப் படமெடுத்து, தெருவார் அனைவரின் கையொப்பத்துடன் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள்.