கை நடுங்குகிறது என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். வயது 47. தை மாதத்தோடு எல்லாம் கொம்பியூட்டருக்கு மாறிவிட்டது. பில் போடும்போது கை நடுங்குகிறது, தெரிந்த சாமானின் பெயரே மறந்து போகிறது. முதலாளியின் மகன், நான் சுயவிருப்பில் விலகுவதாக ரைப் செய்த கடிதமொன்றைத் தந்து, "அவசரமில்லை அன்ரி, யோசிச்சு சைன் பண்ணுங்கோ" என்கிறார். தெரிந்த ஒருவர் 85,000 ரூபா கட்டினால் மூன்று மாதத்தில் சேட்டிபிக்கற் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். இந்த வயதில் என்னால் பழக முடியுமா, விலகுவதுதான் நல்லதா?

பதில்: முதலில் அந்தக் கடிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள். கிழிக்கவும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

உங்கள் கை நடுங்குவது கொம்பியூட்டரைக் கண்டல்ல. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாததால். 2016இல் லண்டனில் 45 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். திரையில் கற்கள் வரும். கல்லுக்கடியில் பாம்பு இருந்தால் கையில் சுள்ளென்று சின்ன மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்த நேரத்தைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று இருந்த நேரத்தில்தான் ஆட்களுக்குக் கூடுதலாக வியர்த்தது. அடி விழும் என்றால் மனம் ஒருவாறு தயாராகிவிடும். விழுமோ விழாதோ என்பதுதான் ஆளைத் தின்னும். அந்தத் தவிப்பை முடிப்பதற்காகவே "சரி, போய்த் தொலையட்டும்" என்று கையெழுத்துப் போட்டவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள், போட்ட பிறகு.

கடிதம் ஏன் இவ்வளவு பணிவாக வருகிறது தெரியுமா? வேலைநீக்கம் பற்றிய இலங்கையின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஆள் மிச்சம் என்று ஒருவரை நிறுத்துவதற்கு முதலாளிக்கு இரண்டில் ஒன்று வேண்டும்: உங்கள் எழுத்துமூலச் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி. அனுமதி கேட்டால் விசாரணை வரும், நட்டஈடும் வரும். உங்கள் கையெழுத்துக்கு ஒரு பேனை போதும்.

ஒரு விலக்கு உண்டு, அதைக் கவனமாகப் பாருங்கள். 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. "எங்கட கடையில பத்துப் பேர்தானே" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். இன்றைக்கு முன்னால் நிற்பவர்களை எண்ணுவதில்லை. நிறுத்தப் பார்க்கும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதச் சராசரிதான் கணக்கு. எண்ணுவதும் கடையை வைத்தல்ல, முதலாளியை வைத்து. அவருக்குச் சுன்னாகத்தில் ஒரு கிளை இருந்தால் அங்கே நிற்பவர்களும் சேர்த்தி. ஸ்ரோரில் சீமெந்து இறக்கும் பெடியன், லொறி ட்ரைவர், தேத்தண்ணி போடும் அம்மா எல்லோரையும் பெயர் பெயராக ஒரு கொப்பியில் எழுதுங்கள். 15 வராவிட்டாலும், நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள், வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது; இதைத் தமிழில் ஒட்டி வைத்த ஒரு கடைச் சுவரை நான் இன்னும் காணவில்லை. ஆள் வேலையை இழந்து தொழில் அலுவலக வாசலுக்கு வந்த பிறகுதான் அதிகாரிகள் படிவம் நீட்டுகிறார்கள்.

காசுக் கணக்கும் பாருங்கள். 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில், விலகும்போது தரவேண்டிய பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 60,000 என்று வைத்தால் 19 வருடத்துக்கு 5,70,000 ரூபா. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல் இருக்கிறதா? சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில்தான் எடுக்கலாம்; இப்போது விலகினால் மூன்று வருடம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி அந்த 85,000. இப்படிப்பட்ட தரகர்களைக் கண்டாலே எனக்குப் பற்றி எரியும். பயந்த ஆளின் வாசலில்தான் வந்து நிற்பார்கள். "கவர்மென்ற் பதிவு இருக்கு" என்பார்கள். நிறுவனத்துக்குப் பதிவு இருப்பது வேறு, அந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு. இரண்டையும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் கேட்டே பார்க்கலாம், தரகர் சொல்லக் கேட்கத் தேவையில்லை. தகைமை வேண்டுமென்றே நினைத்தாலும், அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் தரும் வழி நாட்டில் இருக்கிறது. ஆனால் உங்களுக்குச் சான்றிதழே வேண்டாம். ஒரு கடையின் பில் மென்பொருளைப் பழகினால் போதும். அதை விற்றவர்தான் பழக்கிக் கொடுக்க வேண்டும். விற்பனை முடிந்ததும் அவர் போனை எடுக்காமல் விடுவது இன்னொரு கதை.

பழக முடியுமா என்றால், முடியும். சாமான்களின் குறியீடுகளைக் கையால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆணி முதல் தகரம் வரை விலையும் அளவும் உங்களுக்குத்தான் தெரியும், கொம்பியூட்டருக்குத் தெரியாது. கடை திறந்ததும் கூட்டம் வருமுன் பழைய பில் பத்தை அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு கிழமை பிழை வரத்தான் செய்யும்.

முதலாளியிடம் நேரே மூன்று கேள்வி கேளுங்கள்: என் வேலை என்ன ஆகும், யார் பழக்குவார், எவ்வளவு நாள் தருவீர்கள்? அமெரிக்காவில் ஒரு பைஜாமாத் தொழிற்சாலையில் செய்து 1948இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. மாற்றத்தை வெறுமனே அறிவித்த குழுவில் 40 நாளுக்குள் 17 சதவீதம் பேர் விலகிவிட்டார்கள். கூட இருத்திப் பேசி மாற்றிய குழுக்களில் ஒருவரும் விலகவில்லை. மகனுக்குக் கேட்கப் பொறுமை இருந்தால் இதையும் சொல்லுங்கள்.

கடிதம் எங்கே என்று மறுபடி கேட்டால், "பாத்துச் சொல்லுறன் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பில்லைப் போடுங்கள்.