மெல்பர்ன் குளத்தோர வெயில்: கேட்டதும் சொன்னதும்

தோல் மருத்துவமனையில் நர்ஸ் வேலை எனக்கு. சனிக்கிழமைகளில் மகனின் நீச்சல் வகுப்புக்காகத் திறந்தவெளிக் குளத்தோரம் உட்கார்ந்திருப்பேன். அங்கே நம்மவர்கள் கேட்டவற்றில் சில:

"நாம கறுப்புதானே அக்கா, நமக்கு எதுக்கு சன்ஸ்க்ரீன்?"

வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான், தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் புண்ணியம். ஆனால் வந்தால், 'ஏதோ அடிபட்ட தழும்பு' என்று விட்டுவிட்டு முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் போகிறோம். கருந்தோலில் மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோய் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று எதிர்பாராத இடத்தில் ஒளிந்திருக்கும். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981-ல் இறந்தபோது வயது 36. அந்த வகைக்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது, சன்ஸ்க்ரீனும் தடுக்காது. குளித்துவிட்டுக் கால் துடைக்கும்போது பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். புதிதாகக் கருங்கோடோ, மாறிக்கொண்டே வரும் புள்ளியோ தெரிந்தால் ஜீபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) காட்டுங்கள். மற்றபடி, மணிக்கணக்காகக் குளத்தில் கிடக்கும் நாளில் சன்ஸ்க்ரீன் நமக்கும் வேண்டும். நம் தோலும் வெந்துபோகும்.

"இன்னிக்கு 19 டிகிரிதான், மேகம் வேற. தொப்பி எதுக்கு?"

சூடு வேறு, யூவி வேறு. யூவி என்பது வெயிலில் உள்ள, தோலைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர். ஊரில் உடம்பு எரிந்தால்தான் நமக்கு வெயில். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. அதன் வலிமையைச் சொல்லும் யூவி எண் 3-ஐத் தொட்டால் தொப்பி, சட்டை, நிழல். மெல்பர்னில் ஆகஸ்ட் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசிவரை பகலில் அப்படித்தான். 1981-ல் இதே விக்டோரியா மாநிலத்தில் ஒரு கடற்பறவைக் கார்ட்டூன் 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' (சட்டை போடு, சன்ஸ்க்ரீன் பூசு, தொப்பி வை) என்று டீவியில் ஆடிப் பாடியது சும்மா இல்லை.

"எவ்வளவு பூசணும்?"

போன வாரம் ஒரு அப்பா பட்டாணி அளவு எடுத்து மகளின் மூக்கிலிருந்து முழங்கால்வரை இழுத்துவிட்டார்! பெரியவர்களுக்கு ஏழு டீஸ்பூன்: கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என நான்கு, முன்னுடல், முதுகு, முகம்-கழுத்து-காது என மூன்று. வெயிலில் இறங்க 20 நிமிடம் முன்பே பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, துவட்டினால் உடனே, மறுபடியும். பிள்ளைகளுக்கு முழுக்கை ராஷி (நீச்சல் சட்டை) போட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம்.

"தண்ணிக்குள்ளதானே இருக்கான்?"

அரை மீட்டர் ஆழத்திலும் மேலே உள்ள யூவியில் சுமார் 40 சதவீதம் இறங்கும்.

"விட்டமின் டி குறையாதா?"

நம் நிறத்துக்கு நியாயமான பயம். ஜீபியிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். குறைந்தால் மாத்திரை இருக்கிறது.

"குள நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம்?"

நிழல். குட்டிக் குளத்துக்கு மட்டுமல்ல, நாம் காத்துக் கிடக்கும் பெஞ்சுக்கும். அடுத்து, வகுப்பு நேரம். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளுவதால் இங்கே உச்சிவெயில் ஒரு மணிக்கு மேல்தான். அந்த நேர வகுப்பை ஒன்பதுக்கு மாற்றச் சொல்லுங்கள். எங்கள் குளத்தில் பயிற்சியாளர்களே தொப்பியில்லாமல் நின்றார்கள், பிள்ளைகள் எப்படிப் போடும்? நான் முதலில் கேட்டது அதைத்தான். இப்போது போடுகிறார்கள், ஒருவர் தவிர.