காணொளிக்கு முன்னால் கேள்வித்தாள்

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை நான். கற்பித்தல் வடிவமைப்பில் பகுதிநேர முதுகலை படிக்கிறேன். 4ஆம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம் பற்றி 20 நிமிடக் காணொளி செய்தேன். ‘பின்னக் கூட்டலைப் புரிந்துகொள்வர்’ என்ற என் நோக்கத்தை விரிவுரையாளர் ஏற்கவில்லை. ஏன்?
– வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: புரிதலைக் கண்ணால் பார்க்க முடியாது டீச்சர், அதுதான் சிக்கல். இப்படி மாற்றுங்கள்: ‘செவ்வகப் படத்தைக் கொண்டு, பகுதி எண் (கீழெண்) வேறுபடும் 10 கூட்டல் கணக்குகளில் 8-ஐ மாணவர் சரியாகச் செய்வார்.’ யார், எதை, எந்த நிலையில், எவ்வளவு சரியாக என்ற நான்கும் வந்துவிட்டன.

அடுத்து அந்த 10 கணக்குகளை எழுதுங்கள். காணொளி அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் காணொளி அழகாக இருக்கும், சோதனையோ வேறெதையோ அளக்கும்.

கணக்குத்தாளை முதலில் 3 பிள்ளைகளிடம் தனித்தனியே கொடுத்து அருகில் உட்கார்ந்து பாருங்கள். ½ + ⅓ = 2/5 என்று ஒரு பிள்ளை எழுதினால், மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. உங்கள் காணொளி தீர்க்கவேண்டிய தவறு அதுவே. தாளைப் பத்திரப்படுத்துங்கள், ஆய்வறிக்கைக்கு அது பொன்.

20 நிமிடத்தை 5 நிமிடத் துண்டுகள் நான்காக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கணக்கு வையுங்கள். பள்ளியில் ஆய்வுத் தரவு திரட்டக் கல்வி அமைச்சின் அனுமதி தேவை, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.