அம்மாவைப் பகல்நேர மையத்தில் விடலாமா?

கேள்வி: மறதி நோயுள்ள அம்மாவை மூன்று வருடமாகத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன். பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் விட்டால் கைவிட்டதாகிவிடாதா?

பதில்: ஆகாது, சகோதரி. என் மாமியாரை முதல் நாள் விட்டுவிட்டு வாசலிலேயே நின்று அழுதவள் நான். மாலையில் போனால், இன்னொரு பாட்டியோடு துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டியா?" என்றார்.

எடுத்த எடுப்பில் முழு நாள் வேண்டாம். முதலில் நீங்களும் கூட உட்காருங்கள், அப்புறம் அரை நாள். புது இடம் என்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் குழம்புவார். எந்தக் காது நன்றாகக் கேட்கும், கழிவறைக்குப் போக எப்படி ஜாடை காட்டுவார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதி மருந்துச் சீட்டோடு கொடுங்கள். பராமரிப்பவர்கள் கூடிப் பேசும் குழு இருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். கிடைக்கிற நேரத்தில் பாத்திரம் தேய்க்காதீர்கள். சரியா? முதலில் தூங்குங்கள்.