லாகில் ஒரு வரி கூட எழுதாமல் நின்றுபோகும் வைல்ட்ஃபிளை

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் பில்லிங், சரக்கு இருப்பு மென்பொருள், ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டும் வைல்ட்ஃபிளை 26-இல் ஓடுகிறது. மூன்று மாதத்துக்கு முன் அதை டாக்கர் கன்டெய்னருக்கு (புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி) மாற்றினேன். சர்வரில் 8 ஜிபி ராம். கன்டெய்னருக்கு 1 ஜிபி வரம்பு வைத்தேன், ஜாவா தன் டேட்டாவை வைக்கும் ஹீப் என்ற நினைவகப் பகுதிக்கும் அதே 1 ஜிபி. மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுக்கும்போது திடீரென்று நின்று, தானாகவே மறுபடி எழுந்துவிடுகிறது. லாகில் காரணமே இல்லை. போதாக்குறைக்கு, புது வெர்ஷன் போட்ட அன்று ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த ரசீதுகள் எல்லாம் காணாமல் போயின. பழையபடி மாறிவிடலாமா? நண்பர் ஒருவர், பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸைப் போடச் சொல்கிறார்.

பதில்: பழையபடி போக வேண்டாம், குபர்நெட்டிஸும் வேண்டாம். ஒரே சர்வர், ஒரே அலுவலகம் என்றால் கன்டெய்னர்களை ஒரே ஃபைலில் எழுதி எழுப்பும் டாக்கர் கம்போஸ் தாராளமாகப் போதும்.

லாக் காலியாக இருக்கிறது என்கிறீர்களே, அதுதான் துப்பு. ஹீப் மட்டும் நிரம்பியிருந்தால் ஜாவா 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்று புலம்பிவிட்டுத்தான் விழும். இங்கே விழுந்தது ஜாவாவால் அல்ல. கன்டெய்னர் தன் வரம்பைத் தாண்டியதும் லினக்ஸின் மையமான கர்னல், 'உடனே நிறுத்து' என்னும் சிக்னல் 9 அனுப்பி ஆளை முடித்துவிட்டது. அந்த சிக்னலைப் பிடிக்கவோ தடுக்கவோ எந்த புரோகிராமாலும் முடியாது, லாகில் எழுத அவகாசமும் கிடைக்காது. அப்படி நின்ற கன்டெய்னரின் எக்ஸிட் கோடு (நிற்கும்போது விட்டுச்செல்லும் எண்) 137 ஆக இருக்கும். 128-உடன் சிக்னல் எண் 9-ஐக் கூட்டினால் வருவது அது. உறுதிப்படுத்திக்கொள்ள, கன்டெய்னருக்கு வெளியே, சர்வரிலேயே, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையைப் போட்டு ஜாவா புராசஸ் கொல்லப்பட்ட வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏன் தாண்டியது? எக்ஸ்எம்எக்ஸ் (-Xmx, ஹீப்பின் உச்ச அளவு) என்று நீங்கள் கொடுத்த 1 ஜிபி, ஹீப்புக்கு மட்டும்தான். கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸ் அதற்கு வெளியே; வைல்ட்ஃபிளை மாதிரி பெரிய சர்வரில் அது மட்டுமே எளிதாக நூறு எம்பியைத் தாண்டும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) 1 எம்பி வரை ஸ்டாக், ஜாவாவின் உள் மொழிபெயர்ப்பியான ஜேஐடி மொழிபெயர்த்து வைக்கும் கோடு, நெட்வொர்க் பஃபர்கள் எல்லாமே ஹீப்புக்கு வெளியேதான். சாதாரண நாளில் ஹீப் முழுதாக நிரம்பாததால் வண்டி ஓடியது. மாதக் கடைசி ரிப்போர்ட் ஹீப்பை நிரப்பியதும் மொத்தக் கணக்கு 1 ஜிபியைத் தாண்டிவிட்டது.

8 ஜிபி இருக்கும்போது கஞ்சத்தனம் எதற்கு? கன்டெய்னருக்கு 2 ஜிபி கொடுங்கள். ஹீப்பை எம்பியில் சொல்வதை விட்டுவிட்டு, வரம்பில் எத்தனை சதவீதம் ஹீப்புக்கு என்று சொல்லும் மேக்ஸ்ராம்பர்சென்டேஜை 60 என்று வையுங்கள், ஏறக்குறைய 1.2 ஜிபி ஹீப்புக்கு, மீதி மற்றதற்கு. ஜாவா 10-இலிருந்தும், ஜாவா 8-இல் 191-ஆவது அப்டேட்டிலிருந்தும் ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் மென்பொருள்) கன்டெய்னரின் வரம்பைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வைல்ட்ஃபிளை எழும்போது படிக்கும் ஸ்டாண்டலோன் கான்ஃப் ஃபைலில் ஏற்கெனவே ஹீப்புக்கு 512 எம்பி என்று எழுதியிருக்கும். எக்ஸ்எம்எக்ஸும் சதவீதமும் சேர்ந்து வந்தால் ஜெயிப்பது எக்ஸ்எம்எக்ஸ்தான். சரி, ஜாவா ஆப்ட்ஸ் என்விரான்மென்ட் வேரியபிளில் (வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) நாமே கொடுப்போம் என்றால், அந்த ஃபைலில் இருந்த மற்ற அமைப்புகளும் சேர்ந்தே போய்விடும்; ஐபிவி4-ஐ முன்னிறுத்தும் அமைப்பு அதில் ஒன்று. அவற்றையும் மறக்காமல் திரும்ப எழுதிவிடுங்கள். சர்வர் எழும்போது முதல் சில வரிகளிலேயே எந்த ஜாவா ஆப்ட்ஸ் எடுத்துக்கொண்டது என்று காட்டும். அதைப் படித்துப் பார்க்காமல் மேற்கொண்டு போகாதீர்கள்.

அடுத்து, ரசீதுகள். கன்டெய்னரை உங்கள் அலுவலகத்துப் பீரோ மாதிரி நடத்தியிருக்கிறீர்கள். அது கல்யாணப் பந்தல். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். பந்தலுக்குள் நகையை வைத்துவிட்டுத் தேடக்கூடாது. புது வெர்ஷன் போடுவது என்றால் பழைய கன்டெய்னரை அழித்துப் புதியதை உருவாக்குவதுதான். அதனால் ரசீது ஃபோல்டரை வால்யூமாக, அதாவது கன்டெய்னர் அழிந்தாலும் நிற்கும் சேமிப்பிடமாக, வெளியே எடுங்கள். சர்வரில் உள்ள ஃபோல்டரையே கன்டெய்னருக்குள் நேராக மவுன்ட் செய்தால் (இணைத்தால்) அதன் உரிமையை யூசர் எண் 1000-க்கு மாற்றிவிடுங்கள். வைல்ட்ஃபிளை இமேஜில் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) சர்வர் ஓடுவது முழு அதிகாரம் உள்ள ரூட்டாக அல்ல, அந்த எண் கொண்ட ஜேபாஸ் யூசராக. மாற்றாவிட்டால் அனுமதி இல்லை என்று அப்லோடு தோற்கும். கன்டெய்னருக்குள் நுழைந்து கான்ஃபிக் ஃபைலைத் திருத்தும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். வார் ஃபைல் (உங்கள் அப்ளிகேஷனின் தொகுப்பு), டேட்டாபேஸ் டிரைவர், டேட்டாசோர்ஸ் (டேட்டாபேஸ் இணைப்பு) அமைப்பு எல்லாம் இமேஜை உருவாக்கும் டாக்கர்ஃபைலில் இருக்கட்டும். டேட்டாபேஸ் முகவரி, பாஸ்வேர்டு மட்டும் என்விரான்மென்ட் வேரியபிளாக வெளியிலிருந்து வரட்டும். அந்த முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாதீர்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான்.

நீங்கள் கேட்காத ஒன்று, நம் பக்கத்து மின்வெட்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரன்ட் திரும்பி வந்த பிறகு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து எனக்கு போன். டாக்கரில் பார்த்தால் கன்டெய்னர் 'அப்' என்று காட்டுகிறது, பிரவுசரில் திறந்தால் 404 (பக்கம் இல்லை). நடந்தது இதுதான்: சர்வர் எழுந்தபோது வைல்ட்ஃபிளை முந்திக்கொண்டது, டேட்டாபேஸ் இன்னும் தயாராகவில்லை, அப்ளிகேஷன் டிப்ளாய் ஆகாமல் (ஏறி ஓடத் தொடங்காமல்) தோற்றது. ஆனால் வைல்ட்ஃபிளை தான் உயிரோடுதான் இருந்தது. கம்போஸில், டேட்டாபேஸுக்குப் பிறகே எழு என்னும் டிபெண்ட்ஸ் ஆன் எழுதியிருந்தோமே என்பீர்கள். அந்த வரிசை நீங்கள் கம்போஸ் கட்டளையைப் போடும்போதுதான் செல்லும். சர்வர் ரீபூட் ஆகி டாக்கர் தானாக எழுப்பும்போது செல்லாது. டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டரில் .ஃபெயில்ட் என்று முடியும் ஒரு ஃபைல் உட்கார்ந்திருக்கும். அதை அழித்தால் மறுபடி முயலும். கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினாலும் சரி. நிரந்தர வழி, டேட்டாபேஸ் போர்ட் திறக்கும்வரை காத்திருந்து, அப்புறம் வைல்ட்ஃபிளையை எழுப்பும் சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ஹெல்த்செக்கும் (சரியாக ஓடுகிறதா என்னும் சோதனை) வையுங்கள், ஆனால் டாக்கர் தனியாக அதைப் பார்த்துக் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்யாது, நிலையைக் காட்டும், அவ்வளவுதான்.

நேரத்தையும் ஒருமுறை பாருங்கள். கன்டெய்னர் வழக்கமாக, நம் நேரத்துக்குப் பின்னால் இருக்கும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். காலை 5 மணிக்கு லோடு ஏற்றிப் போட்ட பில்லில் முந்தின நாள் தேதி விழும். நேர மண்டலத்தைச் சொல்லும் டிஇசட் வேரியபிளில் ஏசியா/கொல்கத்தா என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

9990 போர்ட்டை, அதாவது நிர்வாகப் பக்கத்தை, வெளியே திறந்திருந்தால் உடனே மூடுங்கள். லினக்ஸ் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூ தடுக்கும் என்று நம்ப வேண்டாம். டாக்கர் தன் விதிகளை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் நெட்வொர்க் விதிப்பட்டியல்) நேரடியாக எழுதுவதால் திறந்த போர்ட் அதைத் தாண்டிப் போய்விடும். அதே சர்வரை மட்டும் குறிக்கும் 127.0.0.1-க்குக் கட்டிவிடுங்கள்.

கடைசியாக, இமேஜ் பெயரில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாமல் 26-இன் முழு எண்ணையும் எழுதுங்கள். 27-இல், உங்கள் கோடு பயன்படுத்தும் ஜாவாஎக்ஸ் (javax) பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தாவாக (jakarta) மாறிவிட்டன. உங்கள் பழைய கோடு அதில் அப்படியே ஓடாது. அதற்கு மாறுவது தனி வேலை, முந்திரி சீசன் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.