முதலில் சூடு, பிறகு தண்ணீர், கடைசியில்தான் இரை: மெலிந்த தவளை பற்றிய கேள்வி பதில்

கேள்வி (நுவரெலியா): ஐயா, எனது கொம்புத் தவளை இரண்டு மாதங்களாக இரையைத் தொடவில்லை. 62 கிராம் இருந்தது, இப்போது 41 கிராம். வாயைத் திறந்து ஊட்டலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. முதலில் பெட்டிக்குள் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். கொம்புத் தவளை தென்னமெரிக்காவின் வெப்பமான நிலப்பகுதிகளைச் சேர்ந்தது. 24 முதல் 28 பாகை செல்சியஸ் வரையில்தான் அதன் வயிறு ஒழுங்காக வேலை செய்யும். நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாதத்தில் புல்லில் உறைபனி படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ள இயலாத உயிர் என்பதால், குளிரில் அதன் செரிமானம் மிகவும் மந்தமாகிவிடுகிறது; அப்போது உள்ளே தள்ளப்படும் இரை வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். ஹட்டனில் குடியேறிய முதல் ஆண்டில் இதை அறியாமல் ஒரு தவளைக்கு நான் வலிந்து புழு ஊட்டினேன். மூன்றாம் நாள் அது வயிறு உப்பி இறந்தது. அந்தத் துக்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெப்பத் தகட்டைப் பெட்டியின் பக்கச் சுவரில், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் பொருத்துங்கள். அடியில் வைத்தால், மண்ணுக்குள் புதைந்திருக்கும் தவளையின் அடிவயிறு வெந்துவிடும். மேலே மின்குமிழைத் தொங்கவிட்டால் தோல் காய்ந்துவிடும். இரண்டு மூன்று நாட்களில் சிறிது சிறிதாகச் சூட்டை ஏற்றுங்கள். அதுவரை இரையே காட்டாதீர்கள்.

கேள்வி (பண்டாரவளை): என்னுடைய தவளையின் கண்கள் உள்வாங்கி, இடுப்பெலும்பு துருத்தி நிற்கிறது. தண்ணீர்க் கிண்ணம் வைத்திருக்கிறேன், ஆனால் அது குடிப்பதை ஒருநாளும் கண்டதில்லை.

பதில்: தவளை வாயால் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோலால் உறிஞ்சுகிறது. ஆகவே அதைத் தண்ணீரில் உட்கார வைக்க வேண்டும். 26 பாகை அளவிலான தண்ணீரை அதன் தாடைக்கு எட்டாத ஆழத்தில் ஊற்றி, நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் இருக்கவிடுங்கள். குழாய்த் தண்ணீரானால், மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் குளோரின் நீக்கியைச் சேர்த்த பின்னரே ஊற்றுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): சூடும் சரி, தண்ணீரும் சரி. தேயிலை மலையில் மண்புழு தோண்டிக் கொடுக்கலாமா?

பதில்: மண்புழு மிக நல்ல இரை, ஆனால் மருந்து அடிக்கும் மலையிலிருந்து எடுக்காதீர்கள், பூச்சிகொல்லியும் களைகொல்லியும் புழுவின் வழியே தவளைக்குள் போகும். மருந்து படாத வீட்டுத் தோட்டத்து மண்ணில் தோண்டுங்கள். கூட்டெருக் குவியலில் நெளியும் சிவப்புப் புழுவும் வேண்டாம். அது கசியவிடும் மஞ்சள் நீரின் சுவை பிடிக்காமல் பல தவளைகள் துப்பிவிடுகின்றன.

தவளைக்கு அசைவதுதான் இரை. அந்தி சாய்ந்த பின், இடுக்கியின் நுனியில் ஒரு சிறு துண்டுப் புழுவைப் பிடித்து, மூக்கின் முன்னே மெல்ல நெளியவிடுங்கள். அது தலையைச் சற்றே தாழ்த்தி, பின்னங்கால் விரல் நடுங்கக் காத்திருந்தால், நீங்களும் மூச்சை அடக்கிக் காத்திருங்கள். கவ்விய பின் இரு கண்களும் தலைக்குள் அமிழ்வதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கண்கோளங்கள் உள்ளிறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன. முதல் வாரத்தில் இரண்டு மூன்று சிறு துண்டுகள் போதும். பட்டினி கிடந்த வயிற்றை ஒரே நாளில் நிரப்புவது ஆபத்து. வாரம் ஒருமுறை ஒரே தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹட்டன்): இத்தனையும் செய்தும் எடை குறைகிறதே?

பதில்: அப்படியானால் குடற்புழுவோ வேறு நோயோ இருக்கலாம், அக்கா. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையை அணுகுங்கள். புதிய எச்சத்தை ஈரம் காயாமல் சிறு போத்தலில் எடுத்துச் செல்லுங்கள். புழு மருந்தின் அளவைத் தவளையின் எடையைக் கொண்டு மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். வலிந்து ஊட்ட வேண்டிய நிலை வந்தாலும் அவர் கையே செய்யட்டும், ஏனெனில் வலிந்து திறந்தால் அதன் தாடை காயப்படலாம்.

கேள்வி (மஸ்கெலியா): லயத்துக் கானில் (தோட்ட வீட்டு வரிசையின் வடிகாலில்) மெலிந்த மரத்தவளை ஒன்றைக் கண்டேன். எடுத்து வளர்த்துத் தேற்றலாமா?

பதில்: கூடாது, தம்பி. நம் மலைநாட்டுத் தவளைகளில் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. சட்டத்தின் பாதுகாப்பும் அவற்றுக்கு உண்டு. கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டுத் தவளையைக் குளிப்பாட்டிய தண்ணீரையும் அந்தக் கானில் ஊற்றாதீர்கள். தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சை தண்ணீரோடு பரவக்கூடியது.